நிலவுவரை ஓடிய ரோலர் கோஸ்டர்: இந்தக் கணக்கில் வழுக்கும் இடங்கள்

நல்லூர்க் கந்தசாமி கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறினால் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரிக்க இடம் போதாது. கனடா, லண்டன், சுவிஸ் என்று ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். போன முறை வந்தவர்களில் ஸ்காபரோ மருமகனும் ஒருவன். வயது பதினைந்து. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள கனடாஸ் வொண்டர்லாண்டில் லெவியத்தன் என்ற ரோலர் கோஸ்டரில் ஒன்பது தடவை ஏறியிருக்கிறான். அந்தக் கதையை ஊரில் யார் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

ஒருநாள் இரவு போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, 2012இலை திறந்ததிலை இருந்து 2025 வரைக்கும் அதிலை ஏழே முக்கால் கோடி சனத்துக்கு மேலை போயிருக்கினம். எல்லாற்றை தூரத்தையும் கூட்டினா நிலவுக்கு எத்தனை தரம் போகலாம் தெரியுமோ?” என்றான்.

பின்னேரங்களில் கணக்குப் படிப்பிக்கிற ஆளிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? கணக்கை வாங்கிப் பார்த்தேன். பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. பிழை முழுவதும் பெருக்குவதற்கு எடுத்த எண்களில்தான் இருந்தது. அவன் மட்டுமில்லை, இணையத்தில் “இந்தக் கோஸ்டர் இத்தனை கோடிப் பேரை ஏற்றியது, இத்தனை இலட்சம் மைல் ஓடியது” என்று பகிர்கிறவர்களில் பாதிப்பேர் இதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள்.

மணிக்கு எத்தனை பேர் என்ற எண்ணை நம்புவது

மருமகன் போட்ட கணக்கு இது. லெவியத்தனில் ஒரு வண்டிக்கு 32 பேர், மொத்தம் மூன்று வண்டிகள். ஒரு சுற்றும் ஏற்றி இறக்குவதும் சேர்த்து நாலரை நிமிடம் என்று வைத்தான். மூன்று வண்டியும் மாறி மாறி ஓடினால் 90 செக்கனுக்கு ஒன்று புறப்படும். மணிக்கு 40 வண்டி, 1,280 பேர். அதைப் பன்னிரண்டு மணித்தியாலத்தாலும் 365 நாளாலும் 14 வருடத்தாலும் பெருக்கினால் 7 கோடியே 84 இலட்சம் வருகிறது.

இந்த 1,280 காகிதத்தில் உள்ள கொள்ளளவு. ஒருவரும் பிந்தாமல், ஒரு இருக்கையும் வெறுமையாக இல்லாமல், மழையும் பெய்யாமல் இருந்தால் மட்டுமே கிடைக்கும் எண். நடப்பது வேறு. பாதை பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் போன வண்டி ஒரு கட்டத்தை விட்டு முழுதாக வெளியேறும்வரை அடுத்த வண்டி அதற்குள் நுழைய முடியாது. ரயில் சிக்னல் போலத்தான், ஆனால் இங்கே கணினி பார்த்துக்கொள்கிறது. ஆகவே மேடையில் ஒருவர் பட்டியைப் பூட்டத் தெரியாமல் தடுமாறினால், பின்னால் வந்த வண்டி மேடைக்கு வெளியே பிரேக்கில் நின்றுகொண்டிருக்கும். அதற்குப் பின்னால் வருவதும் காத்திருக்கும். கைப்பையை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவர், கடைசி நேரத்தில் பயந்து இறங்குகிற பிள்ளை, தனியாக வந்தவருக்குப் பக்கத்தில் ஆளில்லாத இருக்கை என்று ஒவ்வொன்றும் எண்ணைத் தின்னும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி, அதில் சராசரி 30 பேர் என்று வைத்தால் மணிக்கு 900தான்.

நாட்கள் விஷயத்தில் அவன் இன்னும் மோசமாக வழுக்கியிருந்தான். கனடா மாதிரிப் பனி விழுகிற நாட்டில் வருடம் முழுக்க அது ஓடுமா? இளவேனிலில் திறந்து இலையுதிர்காலத்தோடு மூடுவார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பெரும்பாலும் வார இறுதி நாட்கள்தான். மின்னலோ பலத்த காற்றோ வந்தால் நிறுத்திவிடுவார்கள். 2020இல் கொரோனா காரணமாக அந்தப் பூங்கா முழுப் பருவமும் திறக்கவே இல்லை. அங்கேயே இருக்கிறவனுக்கு இது மறந்துபோனதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, நாளுக்கு 9 மணித்தியாலம், பருவத்துக்கு 130 நாள், 13 பருவம். 900 ஐ இவற்றால் பெருக்கினால் பருவத்துக்குப் பத்தரை இலட்சம், மொத்தம் 1 கோடியே 37 இலட்சம். இதுவும் ஊகம்தான். ஆனால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் உள்ள சீடர் பொயின்ற் பூங்கா, தன்னுடைய டொப் த்ரில் ட்ராக்ஸ்டரை 2022இல் ஓய்வு பெற வைத்தபோது, 19 பருவங்களில் 18 மில்லியன் பேர் போனதாக அறிவித்தது. வகுத்துப் பாருங்கள், பருவத்துக்கு ஒன்பதரை இலட்சம். அதுவும் குளிர்காலத்தில் மூடும் பூங்கா. என் ஊகம் அந்தப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மருமகனுடையது வருடத்துக்கு 56 இலட்சம்.

இங்கே ஒரு சின்னப் பொறியும் உண்டு. 18 மில்லியன் என்றால் 1 கோடியே 80 இலட்சம். அதை 18 கோடி என்று தமிழில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து மடங்கு ஒரே சொல்லில் ஏறிவிடும்.

ஆளை எண்ணுவதா, சவாரியை எண்ணுவதா

திருவிழாக் காலத்தில் கோயில் வீதிப்பக்கம் ராட்டினம் போட்டிருந்தவரிடம், ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகள் ஏறுவார்கள் என்று கேட்டேன். “ரிக்கெற் எத்தனை கிழிஞ்சது எண்டு சொல்லுவன் ஐயா. எத்தனை பிள்ளையள் எண்டு முருகனுக்குத்தான் தெரியும்” என்றார். ஒரே பிள்ளை மூன்று தரம் வரும். தாயின் மடியில் ஒன்று ரிக்கெற் இல்லாமல் ஏறும்.

பெரிய பூங்காக்களிலும் இதே சங்கடம்தான். சில இடங்களில் வாசல் சுழல்கதவு ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஒன்று ஏறும். வேறு இடங்களில் எத்தனை வண்டி புறப்பட்டது என்பதை எடுத்து இருக்கைகளால் பெருக்குவார்கள், வெறும் இருக்கையும் அதில் சேர்ந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் எண்ணப்படுவது சவாரிகள். பருவச்சீட்டு வைத்திருக்கிறவர் ஒரே நாளில் பத்துத் தடவை ஏறினால் பத்து. அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1979 முதல் ஓடுகிற த பீஸ்ட் என்ற மரக் கோஸ்டர் 5 கோடியைத் தாண்டிவிட்டது என்றால், 5 கோடி மனிதர் வந்தார்கள் என்று பொருள் இல்லை. எங்கள் மருமகன் லெவியத்தன் கணக்கில் ஒன்பது ஆள்.

யாருடைய மைல்?

மற்றப் பிழைகள் எண்ணைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். இந்தப் பிழை கணக்கின் பொருளையே மாற்றிவிடும்.

ட்ராக்ஸ்டரையே எடுப்போம், பூங்காவே சொன்ன எண் இருப்பதால். பாதையின் நீளம் 2,800 அடி, அதாவது ஏறத்தாழ 853 மீற்றர். ஒரு சவாரிக்கு ஒவ்வொருவரும் அவ்வளவு தூரம் போகிறார். 18 மில்லியன் சவாரிக்கு மொத்தம் 1 கோடியே 53 இலட்சம் கிலோமீற்றர். நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நாற்பது தரம் நிலவுக்குப் போகலாம். (போய்வருவது என்றால் இருபது. இதையும் பலர் குழப்புவார்கள்.)

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 1 கோடியே 53 இலட்சம் கிலோமீற்றரை ஓடியது எது? எதுவுமே ஓடவில்லை. இது பயணிகளின் தூரத்தைத் தனித்தனியே எடுத்துக் கூட்டியது. ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து போன 18 பேரின் தூரத்தையும் 18 தடவை எண்ணியிருக்கிறோம்.

வண்டிகள் ஓடிய தூரம் வேண்டுமென்றால் 18ஆல் வகுக்க வேண்டும். எல்லா இருக்கையும் நிரம்பியிருந்ததாக வைத்தால் 10 இலட்சம் ஓட்டம், 8 இலட்சத்து 53 ஆயிரம் கிலோமீற்றர். அதுவும் ஒரு வண்டி ஓடியதல்ல. அந்தக் கோஸ்டருக்கு ஆறு வண்டிகள் இருந்தன. சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1 இலட்சத்து 42 ஆயிரம் கிலோமீற்றர். இருக்கை வெறுமையாகப் போன ஓட்டங்களையும், காலையில் ஆளே இல்லாமல் விடும் சோதனை ஓட்டங்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இப்போது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு ஓடும் பஸ் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு வழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கிழமைக்கு ஆறு இரவு ஓடினால் வருடத்துக்கு 1 இலட்சத்து 25 ஆயிரம் கிலோமீற்றர். ட்ராக்ஸ்டரின் ஒரு வண்டி 19 பருவம் ஓடிய தூரத்தை எங்கள் இரவு பஸ் பதினாலு மாதத்தில் முடித்துவிடும். பயணிகளின் தூரத்தைப் பார்த்தாலும் அப்படித்தான். பஸ்ஸில் நாற்பது பேர் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 50 இலட்சம் கிலோமீற்றர். மூன்று வருடத்தில் அந்த ஒரு பஸ், முழுக் கோஸ்டரும் 19 பருவத்தில் காட்டிய நிலவுக் கணக்கை எட்டிப் பிடித்துவிடும். எந்த பஸ் முதலாளியாவது “நாற்பது தரம் நிலவுக்கு” என்று பின்கண்ணாடியில் எழுதியிருக்கிறாரா?

இதைச் சொன்னபோது மருமகன் முகம் கொஞ்சம் வாடியது. கோஸ்டரை மட்டந்தட்ட நான் இதைச் சொல்லவில்லை. பயணிகள் போன தூரம், எல்லா வண்டியும் ஓடிய தூரம், ஒரு வண்டி ஓடிய தூரம், தண்டவாளத்தின் நீளம் ஆகிய நான்கும் வேறு வேறு. ஒரு செய்தியில் மைல் என்று கண்டால் இந்த நான்கில் எது என்று கேட்காமல் அதைப் பகிரக் கூடாது. அநேகமாக எது பெரிதோ அதைத்தான் போட்டிருப்பார்கள்.

கூடிய வேகத்தை நேரத்தால் பெருக்குவது

பாதையின் நீளம் தெரியாதபோது பலர் செய்யும் வேலை இது. அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் 2010 முதல் இருக்கும் ஃபோர்முலா ரோஸாவின் உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீற்றர், சவாரி 92 செக்கன். இரண்டையும் பெருக்கினால் ஆறு கிலோமீற்றருக்கு மேல் வரும். உண்மையான பாதை 2.07 கிலோமீற்றர்தான். உச்ச வேகம் சில செக்கனுக்கு மட்டும். சராசரி எடுத்தால் மணிக்கு 81.

த பீஸ்ட் இன்னும் வேடிக்கை. 2,243 மீற்றர் பாதை, நாலு நிமிடம் பத்துச் செக்கன். உச்ச வேகம் நூற்றுக்கு மேல் இருந்தாலும் சராசரி மணிக்கு 32தான், ஏனென்றால் இரண்டு ஏற்றங்களில் சங்கிலி வண்டியை மெதுவாக இழுத்துக்கொண்டு போகிறது. ஏ9 வீதியில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தே கொன்றுவிடுவான்.

நீளத்தில் வேறொரு வில்லங்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிளக்பூலில் 1935இல் கட்டிய கிராண்ட் நஷனலில் இரண்டு வண்டி பக்கத்துப் பக்கத்தில் போட்டி போட்டு ஓடும். பார்த்தால் இரண்டு பாதை. உண்மையில் ஒரே பாதைதான், முறுக்கிச் சேர்த்த நாடா போல. மேடையின் இடப்பக்கத்தில் ஏறியவர் வலப்பக்கத்தில் வந்து இறங்குவார். ஒரு சவாரியில் அவர் போவது முழுப் பாதையில் அரைவாசி. இதை மறந்தால் கணக்கு இரண்டு மடங்காகும்.

மைலை வைத்துத் தேய்மானத்தைச் சொல்வது

“இவ்வளவு மைல் ஓடியும் இன்னும் உறுதியாக நிற்கிறது” என்று எழுதுவார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பேச்சு சரி, மீற்றரைப் பார்த்து ஒயில் மாற்றுவோம். கோஸ்டருக்கு முக்கியம் எத்தனை தரம் சுற்றியது என்பதுதான். ட்ராக்ஸ்டர் நாலு செக்கனுக்குள் மணிக்கு 193 கிலோமீற்றர் வேகம் எடுத்து, 128 மீற்றர் உயரம் ஏறி இறங்கி, பிரேக்கில் வந்து நிற்கும். ஒவ்வொரு வண்டியும் அதை ஏறத்தாழ 1 இலட்சத்து 67 ஆயிரம் தரம் செய்திருக்கிறது. சில நாட்களில் உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி உருண்டு வந்து, திரும்ப ஏவப்படும். அந்த ஓட்டத்தை எத்தனை மைல் என்று எழுதுவது?

உலோகம் களைப்பது தூரத்தால் அல்ல, மடக்கி நிமிர்த்துவதால். ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதைச் சின்னவயதில் எல்லோரும் செய்து பார்த்திருப்போம். அதனால்தான் குளிர்காலத்தில் வண்டிகளை முற்றாகக் கழற்றி, அச்சுகளிலும் ஒட்டு வைத்த இடங்களிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று மையும் காந்தத்தூளும் மீயொலியும் வைத்துத் தேடுகிறார்கள். 2023 ஜூன் கடைசியில் அமெரிக்காவில் கரோவின்ட்ஸ் பூங்காவின் ஃபியூரி 325இல் ஒரு தூண் வெடித்து விலகி நின்றதை உலகமே காணொளியில் பார்த்தது. அது 2015இல் திறந்தது, எட்டு வயதுதான். தூணை மாற்றி ஓகஸ்டில் மறுபடி ஓட்டினார்கள். தூண் ஒரு மைல்கூட ஓடுவதில்லை, ஆனால் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் அது ஒரு அடி வாங்குகிறது. ட்ராக்ஸ்டர் மூடப்பட்ட கதையும் அப்படித்தான். 2021 ஓகஸ்டில் வண்டியிலிருந்து கழன்ற ஒரு உலோகத்துண்டு வரிசையில் நின்ற பெண்ணைத் தாக்கியது. மைல் கணக்கில் இது எங்கும் தெரியாது.

வயதைக் கூட்டுவதும், மண்வெட்டிக் கதையும்

பழைய கோஸ்டர் என்றால் கூடப் பேரை ஏற்றியிருக்கும் என்று நினைப்பது அடுத்த வழுக்கல். பென்சில்வேனியாவில் உள்ள லீப் த டிப்ஸ் 1902இல் கட்டியது. ஆனால் 1985இல் மூடி 1999இல்தான் மறுபடி திறந்தார்கள். நடுவில் பதினாலு வருடம் பூச்சியம். மறுபுறம் புளோரிடா டிஸ்னியின் ஸ்பேஸ் மவுண்டன் 1975இல்தான் திறந்தது. ஆனால் கட்டடத்துக்குள் ஓடுகிறது, வெயிலும் மழையும் பனியும் அதற்கு ஒன்றுதான், பூங்காவும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். பாதையும் இரண்டு. பிறந்த ஆண்டைப் பார்த்து இவற்றை ஒப்பிட முடியாது.

அப்புறம், ஓடிக்கொண்டிருப்பது அதே கோஸ்டர்தானா? அப்பாவின் மண்வெட்டிக்கு நாங்கள் இரண்டு தரம் பிடி மாற்றினோம், ஒரு தரம் தகடும் மாற்றினோம், இன்னும் “அப்பாவின் மண்வெட்டி” என்றுதான் சொல்கிறோம். இங்கிலாந்தில் அல்டன் டவர்ஸின் நெமசிஸ் 1994இல் திறந்தது. 2022இல் மூடி, பாதையைப் பெரும்பாலும் புதிதாக மாற்றி, 2024 மார்ச்சில் திறந்தார்கள். புளோரிடாவின் ஹல்க் கோஸ்டரையும் 2015இல் கழற்றி, புதுப் பாதையோடு அடுத்த வருடம் திறந்தார்கள். மரக் கோஸ்டர்களில் குளிர்காலம் தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை மாறும். பெயருக்குச் சேர்ந்த சவாரிகளை இரும்புக்குச் சேர்ந்ததாக எழுதக் கூடாது. ட்ராக்ஸ்டர்கூட இரண்டாவது கோபுரமும் வேறு வண்டிகளுமாக 2024இல் புதுப் பெயரோடு வந்தது. 18 மில்லியனில் இருந்து எண்ணுவதா, ஒன்றிலிருந்து எண்ணுவதா? எனக்கென்றால் ஒன்றிலிருந்துதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மருமகன் கேட்டான்: “அப்ப மாமா, நான் போன தூரம் எவ்வளவு?” லெவியத்தனின் பாதை 1,672 மீற்றர், ஒன்பது சவாரி. 15 கிலோமீற்றர். கே.கே.எஸ். வீதியால் வெளிக்கிட்டால் தெல்லிப்பழைப் பக்கம் வரும் என்றேன்.

“அவ்வளவுதானோ?” என்று உதட்டைப் பிதுக்கினான். அடுத்தநாள் காலமை என் பழைய சைக்கிளைக் காணவில்லை. வெயில் ஏறின பிறகு, சேட்டு முதுகோடு ஒட்ட, படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டுச் செம்போடு தண்ணீர் குடித்தான். போனது ஒரு வழிதானாம். வரும்போது ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.